நீ படி, நான் டிக் போடறேன்

— பொய் சொல்லாத நதியா. இப்ப உங்க வக்கீல் ஆபீஸ் ஜூனியருங்க நம்மள மாதிரி பத்திரத்த வாய்விட்டுப் படிக்கறதே இல்லியா?

— சத்தியமா இல்ல கிறிஸ்டோபர். அசலையும் நகலையும் சாஃப்ட்வேர்ல போட்டா அரை நிமிஷம். எங்க தப்போ அங்க செவப்பு கோடு. சத்யப்ரியான்னு ஒரு ஜூனியர், வீட்லேர்ந்தே வேல. எட்டு மாசமாச்சு, அவ முகத்த லேப்டாப்ல பாத்ததோட சரி.

— அடப்பாவமே! அப்ப முட்டை பப்ஸ யாரு கூட பாதி பாதி துன்னும் அது?

— பெரிய பாதி! முட்டைய நீ முழுங்கிட்டு வெறும் மாவ எங்கிட்ட தள்ளுவ.

— நீ அசல படிக்கறவ மா, தொண்டைக்கு முட்டை ஆவாது. கமா, ஃபுல்ஸ்டாப் ஒண்ணு விடாம கத்தணுமில்ல? எனக்கு இன்னா, நகல்ல பாத்துக்கினே வரணும், பக்கம் முடிஞ்சா டிக், அப்புறம் ‘மேல படி’.

— செவிலிமேட்டுல ஒண்ணா பஸ் ஏறுவோம். திட்டு வாங்கினாலும் ஒண்ணா வாங்குவோம். இப்ப அதுங்க தனியா உக்காந்து வாங்குதுங்க பா.

— நல்லாதான் இருந்துச்சு. சரி, பன்னெண்டு வருஷம் கழிச்சு கோர்ட்டு டீக்கடைக்கு என்னைத் தேடிக்கினு வந்திருக்க. விஷயத்த சொல்லு.

— திங்கக்கெழம என்னைய பார்ட்னர் ஆக்கறாங்க.

— அடி சக்க! மாஸ்டர், ரெண்டு பாதாம் பால்!

— இரு பா. அத கேட்டதுலேர்ந்து சோறு எறங்கல. உன்ன வேலைய விட்டு அனுப்புனாங்களே, அந்த குத்தகை பத்திரம்...

— விடு மா. ஒன்பது வருஷம்னு இருக்கறது நகல்ல தொண்ணூறுன்னு வந்துச்சு. டிக் என்னுது. கண்ணசந்துட்டேன்னு நானே ஒத்துக்கினேன்.

— நீ கண்ணசந்தது என் தப்ப மறச்சிடுச்சு. அந்தப் பக்கத்த நான் படிக்கவே இல்ல கிறிஸ்டோபர். ரெண்டு தாள ஒண்ணா புரட்டிட்டேன். தெரிஞ்சேதான் புரட்டினேன். அப்பாவுக்கு ஆபரேஷன், மூணு மணி பஸ்ஸ வுட்டா பாக்க முடியாது. உன் பொழப்ப கெடுத்துட்டு நான் வாயத் தொறக்கல. அந்த நாற்காலில எப்டி பா உக்காருவேன்?

— கடைசியா உங்கப்பாவ பாத்தியா இல்லியா?

— பாத்தேன். பேசினாரு. அடுத்த நாள் போய்ட்டாரு.

— அப்ப சரி.

— இன்னா சரி?

— அன்னைக்கு நான் கண்ணசரவே இல்ல மா. ரெண்டு தாள் சேந்து புரண்டது நல்லா கேட்டுச்சு. நீ அழுதுக்கினே படிச்சிக்கினு இருந்த. அதான் டிக்க போட்டு, ‘மேல படி’ன்னேன்.