கரை திரும்பினார், மாலை 6.10

இன்னும் கொஞ்சம் நெருக்கி உட்காருங்கள். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். இது என் சிநேகிதனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது.

ராத்திரி மணி இரண்டரை. துறைமுகத்துக்குப் போகிற கரையோரச் சாலை. ஒரு பக்கம் கருங்கல் சுவர், மறுபக்கம் கடல்... விளக்குகளில் பாதி எரியவில்லை. மனிதர் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு போகிறார். கடலுக்குள் காற்றாலை நடப்போகிற கம்பெனியில் அவர் மேனேஜர். விடிந்தால் வங்கிக்காரர்கள் வந்து கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள்.

அந்த நேரத்தில் ஏன் போகிறார்? ரேடியோ அறை ஆபரேட்டர் போன் செய்திருந்தார்.

"சார், கடல்ல நிக்கிற கம்பத்துலேர்ந்து யாரோ கூப்பிடறாங்க. புத்தகத்தைப் பார்த்தா கடல்ல யாருமே இல்லையே!"

மேனேஜர் அப்படியே கார் சாவியை எடுத்தார். காரணம் இருந்தது.

காற்றாலைக்குக் கடன் வேண்டுமென்றால் முதலில் ஒரு வருடம் காற்றை அளந்து காட்ட வேண்டும். அதற்குத்தான் அந்தக் கம்பம். பதினோரு நாள் முன்னால் அதிலிருந்த கருவி நின்றுபோனது. அலையோ ஆள் உயரம். "ஒரு நாள் அளவு விட்டுப்போனாலும் வங்கி முகத்தைச் சுளிக்கும். போய்ட்டு வாடா" என்று மெக்கானிக் குருவியை அனுப்பினார். ஒல்லி உடம்பு, சரசரவென்று ஏறுவான், அதனால் குருவி. வேலையை முடித்துவிட்டான். ஏணியிலிருந்து படகில் கால் வைக்கும்போது... அவ்வளவுதான். உடம்பு கிடைக்கவில்லை.

கடலுக்குப் போகிறவர்களின் பெயரைப் புத்தகத்தில் எழுதுவார்கள். எல்லோரும் திரும்பினால்தான் அன்றைய பக்கத்தை மூடலாம். சாவு என்று எழுதினால் விசாரணை வரும், கடன் போகும். மேனேஜர் பேனாவை எடுத்தார். 'கரை திரும்பினார், மாலை 6.10.' படகுக்காரர் வாய்க்கும் பூட்டுப் போட்டாயிற்று. குருவியின் மனைவி வந்து நின்றபோது, "வேலை முடிஞ்சு கரைக்கு வந்துட்டாம்மா. அப்புறம் எங்க போனானோ, நான் என்னத்தைக் கண்டேன்?" என்றார். வேலையில் சாகவில்லை என்றால் நஷ்ட ஈடும் கிடையாது.

ரேடியோ அறை. கர்ர்ர்... கர்ர்ர்... ஜன்னல் சாத்திய அறைக்குள் ஈரக் கயிற்று நாற்றம்.

"அண்ணே... குளிருதுண்ணே. படகு அனுப்புங்க."

ஆபரேட்டர் வேலைக்குப் புதுசு. "யார் சார் அது? படகு அனுப்பட்டுமா?" என்றார். படகு போனால் புத்தகத்தில் ஏறும். மேனேஜர் மைக்கைப் பிடுங்கினார்.

"நீதான் கரைக்கு வந்துட்டியேடா. புத்தகத்துல இருக்கு."

கர்ர்ர் நின்றது. பிறகு, சொன்ன சொல்லைத் தட்டாத அதே குரல்.

"அப்படியாண்ணே?... அப்ப சரி."

மேனேஜர் மைக்கை அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பத்து நிமிடம் போயிருக்கும். அவருடைய செல்போன் அடித்தது. குருவியின் மனைவி.

"சார்... பதினோரு நாளா உங்களைச் சபிச்சேன், மன்னிச்சுடுங்க. நீங்க சொன்னது நிஜம்தான். வந்துட்டாரு! கதவைத் தட்டறாரு. ஆனா கதவுக்கு அடியில தண்ணியா வருது சார்... திறக்கட்டுமா?"

திறக்காதே என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பாள். அவன் கரைக்கே வரவில்லை என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். விடிந்தால் கையெழுத்து.

"திறம்மா" என்றார்.

தாழ்ப்பாள் விலகுகிற சத்தம். அப்புறம் போனுக்குள்... அலை. அவள் வீடு கடலிலிருந்து நாற்பது மைல்.

ஒன்பது மணிக்கு வங்கிக்காரர்கள் வந்தார்கள். கையெழுத்து, கைகுலுக்கல், போட்டோ, எல்லாம் முறைப்படி நடந்தது. அந்தப் பெண் அதற்குப் பிறகு நஷ்ட ஈடு கேட்டு வரவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் கதவை உடைத்தார்களாம். போனில் விலகின அந்தத் தாழ், உள்பக்கம் போட்டபடியே இருந்ததாம். உள்ளே யாருமில்லை. சுவர்களில் மட்டும், கூரைக்கு ஒரு சாண் கீழே வரைக்கும்... உப்புப் பூத்திருந்தது.