அந்த மழை யாருடையது என்று தேடிய மேகப் பிரிவுத் தலைவிக்கு

விண்ணை நோக்கியே விழிகள் பழகிய வித்தகரே! காற்றின் கால்தடம் கண்டு கணித்துச் சொன்ன கலைச்செல்வியே!

“மழையை வென்ற மாதரசியே!” என்பதுதான் இம்மடலின் முதல் வரியாக இருந்தது. எழுதி நிமிர்ந்ததும் எங்கள் அனைவர் காதிலும் உங்கள் குரலே ஒலித்தது: “வென்றதுக்கு ஆதாரம் எங்கப்பா?” அடித்துவிட்டோம். “மேகங்களை மேய்த்த மேதையே!” என்று மாற்றினோம். “அது எங்க மேஞ்சுது? அது பாட்டுக்குப் போச்சு” என்பீர்கள்; அதையும் அடித்தோம். இறுதியில் எவராலும் மறுக்க முடியாத ஒரே விளிப்பு மிஞ்சியது. எங்கள் அன்புக்குரிய அம்மையீர்!

மீன்பிடித் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை சொல்லிக்கொண்டிருந்த உங்களை இந்த விளையாட்டுத் திடலுக்கு அழைத்து வந்தது ஒரு விந்தையான முடிவு. கண்டத்து நாடுகளெல்லாம் கலந்துகொள்ளும் தடகளப் போட்டி இங்கே நடக்கவிருந்தது; திடலுக்கோ கூரை இல்லை. கூரை போட நேரமில்லை, மேகத்தைத் திருப்பிவிட்டால் போதும் என்று மேலிடம் தீர்மானித்தது. அப்படிப் பிறந்ததுதான் நமது மேகப் பிரிவு. மேற்குப் பார்வையாளர் மாடத்தில், புள்ளிப் பலகைக்குப் பின்னால் நமக்கு ஓர் அறை கிடைத்தது. அதன் ஒற்றைச் சன்னலில் மைதானம் தெரியாது, வானம் மட்டுமே தெரியும். வெளியே கூட்டம் ஆர்ப்பரிக்கும்போது சுவர் அதிரும். யார் வென்றார் என்று பிறர் சொல்லித்தான் நமக்குத் தெரியும். இத்தனை ஆண்டுகள் திடலுக்குள்ளேயே வாழ்ந்தும் ஓர் ஆட்டத்தையும் முழுமையாகப் பார்க்காத பெருமை உலகில் நமக்கு மட்டுமே உரியதாக இருக்கலாம்!

செய்முறையைக் கேட்பவர்களுக்கு நீங்கள் சொல்லும் விளக்கம் எளிமையானது. மேற்கு மலையிலிருந்து மேகம் வரும். அது திடலை எட்டும் முன்பே, விமானத்தின் இறக்கைகளில் பொருத்திய குழாய்களைக் கொளுத்தி, வெள்ளி அயோடைடுப் புகையை அதனுள் தூவினால், மேகம் வழியிலேயே கனத்துப் பொழிந்துவிடும். மிச்சம் வெறுங்கையோடு நம் தலைக்கு மேல் நகர்ந்து போகும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, “அப்படின்னு நம்புறோம்” என்று முடிப்பீர்கள். கேட்பவர் முகம் சுண்டிப்போகும்.

வீட்டிலும் உங்களுக்கு, எதையும் உறுதியாகச் சொல்லாதவர் என்ற இதே பெயர்தான் என்று அறிவோம். சலவைக் கடை நடத்தும் உங்கள் கணவர், இதை வாசிக்கையில் முதல் வரிசையில் அமர்ந்து சிரிப்பார், ஒருமுறை எங்களிடம் முறையிட்டார்: “இன்னிக்கு மழை வருமான்னு கேட்டா அறுபது சதவீதம்ங்குறா. நான் அறுபது சதவீதத் துணிய உள்ள காயப்போட்டு, நாப்பது சதவீதத்த வெளிய காயப்போடவா? ஊருக்கே மழைய நிறுத்துறவ வீட்டுல இப்படி ஒரு பொழப்பு!”

அந்தத் தடகளப் போட்டியின் தொடக்க நாளை மறக்க முடியுமா? மேற்கே மலைபோல் கறுத்து நின்றது வானம். ‘தட்டாம்பூச்சி’ என்று நாம் செல்லமாக அழைக்கும் விமானி மேலே போனார், குழாய்களைக் கொளுத்தினார், திரும்பினார். மலையடிவாரத்தில் கொட்டித் தீர்த்தது. திடலிலோ ஒரு துளி இல்லை! அமைப்புக் குழுத் தலைவர் புள்ளிப் பலகைக்குப் பின்னால் இருக்கும் நம் அறையைத் தேடி மூச்சிரைக்க ஏறி வந்து, “மழையையே நிறுத்திட்டீங்களேம்மா!” என்று கைகூப்பினார். நாங்கள் நெஞ்சை நிமிர்த்தினோம். நீங்கள் சன்னலைப் பார்த்தபடியே சொன்னீர்கள்:

“நாம நிறுத்தினோமா, அதுவா நின்னுச்சான்னு தெரியல சார்.”

அவர் அதைத் தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு போனார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அடுத்த வாரம் ஒருவர் வந்த பிறகுதான், அது நீங்கள் உண்மையாகவே விடை தேடும் கேள்வி என்று எங்களுக்கு உறைத்தது.

வந்தவர் மலையடிவாரச் சிற்றூரின் பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. தோளில் விசில் தொங்க, பேருந்திலிருந்து இறங்கி நேராக வந்திருந்தார். நாம் மழையை இறக்கிய அதே நாளில், அதே பொழுதில், அவருடைய பெண்களுக்கு ஹாக்கி இறுதிப் போட்டி. மாநில அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வாளர்கள் முதன்முறையாக அந்த ஊருக்கு வந்திருந்தார்கள். மைதானம் குளமானது, ஆட்டம் நின்றது, பூவா தலையா போட்டுக் கோப்பையை எதிரணிக்குக் கொடுத்தார்கள். தேர்வாளர்கள் ஒருவர் ஆட்டத்தையும் பார்க்காமலே வண்டியேறினார்கள்.

“உங்க ஊரு வெளையாட்டுக்கு வெயிலு, எங்க ஊரு வெளையாட்டுக்கு மழையா மேடம்?” என்றார் ஆசிரியை. “நான் சண்டை போட வரல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்த மழை வானத்தோடதா, உங்களோடதா?”

இயற்கையின் செயல் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள் என்று மேலிடத்திலிருந்து தொலைபேசியில் அறிவுரை வந்தது. நீங்கள் தொலைபேசியை வைத்தீர்கள், நாற்காலியை இழுத்துப் போட்டீர்கள், தேநீர் வரவழைத்தீர்கள்.

“எனக்குத் தெரியல டீச்சர். ஆனா எனக்கும் தெரிஞ்சுக்கணும். வாங்க, சேந்து பாப்போம்.”

அன்று மாலைவரை ரேடார் படங்களை மீண்டும் மீண்டும் ஓட்டிக் காட்டியவன் இம்மடலை எழுதும் நான்தான். நாம் புகை தூவிய மேகம் அந்த ஊரின் மேல் உடைந்து பொழிந்தது தெரிந்தது. ஆசிரியையின் முகம் சிவந்தது. உடனே நீங்கள் திரையின் வடக்கு ஓரத்தைச் சுட்டினீர்கள். நாம் தொடாத இன்னொரு மேகம், ஏறக்குறைய அதே பருமன், ஏறக்குறைய அதே நேரத்தில், அதே மலையடியில் உடைந்து பொழிந்திருந்தது. நீங்கள் இருவரும் அந்த இரண்டு மேகங்களையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். கோபமாக வந்த ஆசிரியை கன்னத்தில் கைவைத்து, “அப்ப எப்படித்தான் கண்டுபுடிக்கிறது?” என்று கேட்டபோது, அவர் குரலில் கோபம் போய் வேறொன்று குடியேறியிருந்தது. அந்த ஒன்றைத்தான் நீங்கள் எங்கள் எல்லோருக்கும் தொற்றவைத்தீர்கள், அம்மையீர்!

முதல் வேலையாக, அந்தப் பெண்களுக்கு மறு ஆட்டம் வேண்டும் என்று விளையாட்டுத் துறையின் கதவுகளையெல்லாம் தட்டினீர்கள். காரணம் கேட்டவர்களிடம், “மழை எங்களோடதா இருக்கலாம்” என்று ஒளிக்காமல் சொன்னீர்கள். மேலிடம் பல்லைக் கடித்தது. மறு ஆட்டம் நடந்தது, பளீரென்ற வெயில், தேர்வாளர்களும் வந்தார்கள், நீங்களும் போனீர்கள். ஆசிரியையின் அணி இரண்டு கோல் வித்தியாசத்தில் தோற்றது! மாநில அணிக்குத் தேர்வானதும் எதிரணியின் பெண். தலைவலி வந்தவர்போல் உட்கார்ந்திருந்த ஆசிரியை கடைசியில் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்: “வெயில்லயே தோத்தாச்சு. இனிமே மழையத் திட்ட வழியில்ல. அக்கா, நீங்க கெடுத்துட்டீங்க!” அன்றிலிருந்து நீங்கள் அவருக்கு ‘மேடம்’ இல்லை, அக்கா.

அடுத்ததாகத் தொடங்கினீர்கள் உங்கள் பெருஞ்சோதனையை. போட்டிகள் இல்லாத நாட்களில் தோதான மேகம் வரும்போதெல்லாம் நமது பண்டகக் காப்பாளர் தன் அறையைச் சாத்திக்கொண்டு நாணயம் சுண்டுவார். தலை விழுந்தால் இறக்கையில் உண்மையான குழாய். பூ விழுந்தால் வெறும் புகைக்குழாய். எது என்று அவரைத் தவிர யாருக்கும், உங்களுக்கும்கூட, தெரியாது. மலையடி ஊரில் ஆசிரியையும் அவருடைய அணியும் மழைமானிகளைப் பார்த்துக் குறித்தார்கள். காப்பாளரிடமிருந்து உண்மையைக் கறந்துவிட வேண்டுமென்று தட்டாம்பூச்சி வாங்கிக் கொடுத்த தேநீருக்குக் கணக்கே இல்லை. அவரோ குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

ஒருநாள் தட்டாம்பூச்சி இறங்கி வரும்போதே கூவினார்: “அக்கா, இன்னிக்குப் பாத்தீங்கல்ல? மேகத்த அப்படியே உரிச்சுப் போட்டேன்! சும்மா தொறந்துவிட்ட குழாயாட்டம் கொட்டுச்சு!” அந்த மழைக்கால முடிவில் காப்பாளரின் குறிப்புகளை முதன்முறை பிரித்துப் பார்த்தபோது, அன்று தட்டாம்பூச்சி கொண்டுபோனது வெறும் புகை என்று தெரிந்தது. அவர் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. எட்டாம் நாள் வந்து, “அப்ப இத்தன வருஷமா நான் மேல போய் என்னதான் பண்ணிட்டு இருந்தேன்?” என்று கேட்டார். நீங்கள் கேலி செய்யவில்லை. “அதத்தான் தம்பி நானும் கேக்குறேன்” என்றீர்கள். அதன்பின் அந்தச் சோதனையில் உங்களைவிடத் தீவிரம் காட்டியவர் அவர்தான்!

சோதனை முடிவதற்குள் வந்தது கால்பந்து இறுதிப் போட்டி. பல நாட்களாக மலையில் விடாத மழை. அடிவார ஊரின் வாய்க்கால் கரை ததும்பி ஓடியது. வாய்க்கால் தெருவில் மக்கள் பொருட்களைக் கட்டில்மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். போட்டி நாளன்று மேற்கே மீண்டும் கறுத்தது. விமானத்தைக் கிளப்பச் சொல்லி அமைப்புக் குழுத் தலைவர் நேரிலேயே வந்து நின்றார்.

“பண்ண மாட்டேன் சார்” என்றீர்கள்.

“ஏம்மா? வேலை செய்யாதுங்கிறீங்களா?”

“செய்யும்னு சொல்ல முடியல. செய்யாதுன்னும் சொல்ல முடியல. செஞ்சா அந்த மழை எங்க விழும்னு மட்டும் தெரியும். அங்க தண்ணி ஏற்கெனவே வாசல்ல நிக்குது.”

“இங்க பேஞ்சா என்ன பண்றது?”

“பேஞ்சா நனைவோம் சார்.”

அவர் முகம் கறுத்துத் திரும்பும்போது நீங்கள் பின்னாலேயே போய்ச் சொன்னீர்கள்: “சார், மழை சாயங்காலம்தான் இங்க வரும்னு தோணுது. ஆட்டத்த முன்னாடி ஆரம்பிச்சுருங்க. என்னால மேகத்துக்கு நேரம் சொல்ல முடியாது. உங்களுக்குச் சொல்ல முடியும்.” தொலைக்காட்சிக்காரர்கள் குதித்தார்கள், ஆனாலும் தொடக்கம் முன்னே தள்ளப்பட்டது. நீங்கள் எண்ணியதைவிடச் சற்று முந்தியே மழை வந்தது, கடைசிக் கட்ட ஆட்டத்தில் பந்து நீந்தியது, திடலே நனைந்தது, ஒருவரும் எழுந்து போகவில்லை. அந்த ஆரவாரத்திற்கு நடுவே உங்கள் தொலைபேசி மணி அடித்தது. ஆசிரியை பேசினார்: “அக்கா, வாய்க்கால் தெருவுல தண்ணி கடைசிப் படி வரைக்கும் வந்துச்சு. வீட்டுக்குள்ள ஏறல. இப்ப இறங்குது.” நீங்கள் தொலைபேசியைக் கையில் பிடித்தபடி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் அமர்ந்தீர்கள். புகையைத் தூவியிருந்தால் அந்தக் கடைசிப் படியைத் தண்ணீர் தாண்டியிருக்குமா? “யாருக்குத் தெரியும்!” என்றீர்கள். அன்று மட்டும், தெரியாததில் உங்களுக்கு வருத்தமில்லை.

சொல்லாமல் விட முடியாததையும் சொல்லிவிடுகிறோம். அந்த மறுப்புக்கு விலை இருந்தது. விமானம் பறிபோய் வயல்களுக்கு மருந்து தெளிக்கப் போனது. பிரிவுக்குப் பெயர் மட்டும் மிஞ்சியது. பதவி உயர்வு உங்களைத் தாண்டி இருமுறை போனது. ஆனால் இருந்த இடத்திலிருந்தே புதியதொரு பணியைப் படைத்தீர்கள். மேகத்தின் நேரத்தை மாற்றும் முயற்சியை விட்டு, ஆட்டத்தின் நேரத்தை மாற்றக் கற்றுக்கொடுத்தீர்கள். மாரத்தானை எந்தப் பொழுதில் தொடங்கினால் வெயில் ஓட்டக்காரரை வீழ்த்தாது, படகுப் போட்டியை எந்த இடைவெளியில் நுழைத்தால் காற்று கவிழ்க்காது என்று நீங்கள் சொல்ல, இன்று நாடு கடந்தும் கேட்கிறார்கள். தட்டாம்பூச்சியும் இறக்கையைக் கழற்றிவிட்டு நம் அறையிலேயே காற்றை அளக்கும் பலூன் விடுபவராக வந்து சேர்ந்தார்!

பெருஞ்சோதனையின் முடிவை அறிஞர் அவையில் நீங்கள் வைத்தபோது நாங்களும் பின்வரிசையில் இருந்தோம். உண்மைக் குழாய் போன நாட்களில் மழை கொஞ்சம் கூடுதல். ஆனால் அந்தக் கொஞ்சம், நாணயம் தன்போக்கில் விளையாடினாலே வந்துவிடக்கூடிய அளவு. “அப்ப அந்த மழை?” என்று கேட்ட ஆசிரியையிடம், “எங்களோடதா இருக்க வாய்ப்பு இருக்கு, அவ்வளவுதான் சொல்ல முடியும்” என்றீர்கள். “இதுக்கா என் பசங்கள இத்தன மழையில நிக்க வச்சீங்க!” என்று அவர் சிரித்தார். ஆனால் அந்த அணியில் மழைமானி பார்த்த ஒருத்தி ஹாக்கி மட்டையை வைத்துவிட்டு வானிலை படிக்கப் போய்விட்டாள் என்பதை இந்த அவைக்கு மகிழ்ச்சியோடு அறிவிக்கிறோம்.

அம்மையீர்! பிணி அண்டாத உடலும், பிறர்நலம் எண்ணும் உள்ளமும், பேசிச் சிரிக்கத் துணையும் பெற்று நீங்கள் நீடு வாழ வேண்டும். உங்கள் நாற்காலியில் யார் அமர்ந்தாலும், அறியாததை அறியோம் என்று சொல்லும் துணிவு அதில் தங்கியிருக்க வேண்டும்.

உங்கள் பணிநிறைவு விழாவைப் புல்வெளியில் வைப்பதா, அரங்கினுள் வைப்பதா என்று இன்று காலை உங்களிடமே கேட்டோம். வானத்தை முதன்முதலாகப் பார்ப்பவர்போல வெகுநேரம் பார்த்தீர்கள். “தெரியலையே! வெளியவே வைங்க. என்ன ஆகுதுன்னு பாப்போம்” என்றீர்கள். நாற்காலிகளைப் புல்லில் போட்டுவிட்டோம், அம்மையீர். இந்த வரியை எழுதும்போது மேற்கே ஒரு மேகம் ஏறி வருகிறது. வேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் அண்ணாந்து நிற்கிறோம்.

உங்களோடு வானம் பார்த்த,
மேகப் பிரிவுப் பணியாளர்கள் அனைவரும்