சிகரெட்டை ஒளித்த கோச்

தொண்ணூறுகளில் ஒரு ஞாயிறு மாலை. விம்பிள்டனில் ரயில் புறப்படக் காத்திருந்தது. எனக்கு எதிரே இருவர், தங்கள் ஊர்க் கல்லூரியின் பழைய மாணவர் அணி உதைபந்தாட்டத்தில் தோற்றதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்.

"சிகரெட்டை ஒளிக்கிறவனெல்லாம் ஒரு கோச்சோ?"

"ஆரைக் கண்டு ஒளிச்சவன்?"

"கோல்கீப்பரைக் கண்டுதான். பள்ளிக்கூடத்தில அவர் பிரிபெக்ட், மாணவத் தலைவர். இவனை வெயிலில முழங்காலில நிக்க விட்டவர். இண்டைக்கு ஏழு கோல் வாங்கியும் அவரை வெளியில எடுக்கப் பயம்."

"அந்த மனிசனுக்குக் குனியவே ஏலாது. எங்கட கல்லூரி உருப்படாது."

கதவு மூடுமுன் கோல்கீப்பர் கையுறைகளோடு ஏறினார். இருவரும் பதறி எழுந்தார்கள்.

"அண்ணை, இருங்கோ. கோச்சாலதான் தோத்தனாங்கள்."

"ஓமடா," என்று அமர்ந்தார் அவர். "அவனை மாத்தவேணும்."