அட்ஜஸ்ட் அண்ணனும் ஆஸ்பத்திரி லிஃப்டும்

இந்த இரங்கல் கூட்டத்தின் மேடையில் அமர்ந்திருக்கும் மேலாளர் அவர்களே, லிஃப்ட் பராமரிப்புப் பிரிவின் தோழர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. நான் வெடுக்கென்று பேசிவிட்டு வந்தால் பின்னாலேயே போய்ச் சமாதானம் சொல்ல அண்ணன் இருந்தார். இன்று அவர் இல்லை.

நம் மூத்த மேற்பார்வையாளர், நாம் அட்ஜஸ்ட் அண்ணன் என்று அழைத்த மனிதர், போய்விட்டார். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? வேனில் இடமில்லையா? "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி உக்காருங்கப்பா." ஒருவன் மனைவிக்குப் பிரசவ வலியா? "நீ கிளம்புடா, ஷிஃப்டை நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கறேன்." கேன்டீன் சாப்பாட்டில் உப்பில்லையா? அதற்கும் அதே சொல். லிஃப்ட் பார்க்கப் போன வீட்டில் மாமியாரும் மருமகளும் முறைத்துக்கொண்டு நின்றால், மோட்டாரை என்னிடம் விட்டுவிட்டு அவர்களை அட்ஜஸ்ட் செய்துவைத்து டீயும் குடித்துவிட்டு வருவார்! கேட்க, கொடுக்க, பொறுத்துக்கொள்ள, மழுப்ப, எல்லாவற்றுக்கும் அந்த ஓர் ஆங்கிலச் சொல்லே அவருக்குப் போதும்.

நான் படித்த படிப்பில் அதற்கு ஒரே பொருள்தான். திருகாணியைத் திருப்பி இடைவெளியைச் சரிசெய்வது. அதற்கு ஓர் அளவு உண்டு. அளவு தாண்டினால் பாகத்தையே மாற்ற வேண்டும். இதற்காக நாங்கள் போடாத சண்டையா?

"நீ புஸ்தகம்டா, நான் மனுஷன்" என்பார்.

"மனுஷன் ஏறற லிஃப்டுண்ணே, அதான் புஸ்தகத்தைப் பாக்கறேன்" என்பேன்.

"வாய் மட்டும் நீளம்" என்று முதுகில் ஒன்று வைப்பார்.

அந்த மனிதரை நான் நம்பினேன். ஏன்? நம் பிரிவில் அவர் கொண்டுவந்த ஒரு வழக்கம். பிரேக்கில் யார் கை வைத்தாரோ, அவரே முழுப் பாரத்தோடு லிஃப்டில் முதலில் ஏற வேண்டும். மணல் மூட்டைகளை அடுக்கி, நடுவில் நின்றுகொண்டு, அவரே எத்தனை முறை இறங்கி வந்திருக்கிறார்! எந்த நிறுவனத்தில் உண்டு இது?

ஆஸ்பத்திரி லிஃப்டுக்கு வருகிறேன். அதில் பிரேக் லைனிங், அதாவது சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் பட்டை, தேய்ந்து தகடாகிவிட்டது என்று அவரிடம் சொன்னவன் நான். என் அக்கா அங்கே நர்ஸ். அந்த லிஃப்டில்தான் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறாள். ஸ்ட்ரெச்சர் பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கும்போது பிரேக் நழுவினால் என்ன ஆகும் என்பதை இந்த அவையில் விளக்க வேண்டுமா? அண்ணன் என் அக்கா கையால் சாப்பிட்டவர். அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டவர்.

ஒரு வாரம் கழித்து என்னையும் அக்காவையும் அந்த லிஃப்டுக்கு வரச்சொன்னார். "புதுசு மாத்தியாச்சு தங்கச்சி, பயப்படாதே" என்றார். கூட ஏழெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு, சிரித்தபடி மேலே போய் இறங்கி வந்தார். அண்ணனே ஏறிவிட்டார், அப்புறம் என்ன? அக்கா கைதட்டினாள். நானும் தட்டினேன்.

அண்ணன் போனபின், முந்தாநாள்தான் அந்த லிஃப்ட் என் பொறுப்புக்கு வந்தது. பிரேக்கைத் திறந்தேன். புதிது எங்கே? அதே பழைய பட்டை! ஸ்பிரிங்கை மட்டும் கடைசி மரை வரை முறுக்கியிருந்தார். மணல் மூட்டை ஒன்றுகூட இல்லாமல் ஏன் ஏறினார் என்பது அப்போதுதான் உறைத்தது. பாதிப் பாரம் என்றால் மறுபக்கம் தொங்கும் எடையே அதைச் சமன் செய்துவிடும். பிரேக்குக்கு வேலையே இருக்காது. நம்மைக் காப்பாற்றத் தான் கொண்டுவந்த வழக்கத்தை வைத்தே அண்ணன் எங்களை ஏமாற்றினார். கழுத்தறுப்பு என்றால் இதுதானே?

பின்னாலிருந்து யாரோ "இரங்கல் கூட்டத்துல பேசற பேச்சா இது, இறங்குடா" என்கிறார். இறங்குகிறேன். அண்ணி, நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்றுகூடக் கேட்க மாட்டேன். அவருக்காக நானும் அழுதேன். அழுதுகொண்டேதான் அந்த பிரேக்கைக் கழற்றினேன்.

அண்ணன் இதைத் தானாகச் செய்தாரா? நேற்று மேலாளரிடம் போய்ப் புது லைனிங் கேட்டேன். "இப்போதைக்கு ஸ்பேர் வாங்கறதா இல்லை. அவர் அட்ஜஸ்ட் பண்ணி ஓட்டலையா? நீயும் ஓட்டு" என்றார். சற்று முன் இதே மைக்கில், "எதையும் அனுசரித்துப் போன பண்பாளர்" என்று அண்ணனைப் புகழ்ந்தவரும் அவரே!

தோழர்களே, அவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன் பேசியவர்கள் எல்லோரும் உறுதி சொன்னார்கள். நான் தொடங்கியேவிட்டேன். லிஃப்டை நிறுத்தி, முட்டுக் கொடுத்து, பிரேக்கைத் துண்டு துண்டாகக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். அக்கா இப்போது அடுத்த கட்டடத்து லிஃப்ட் வரைக்கும் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகிறாள், என்னைத் திட்டிக்கொண்டே. திட்டட்டும். உயிரோடு திட்டட்டும்.

அடுத்து மௌன அஞ்சலி. எழுந்து நிற்பதற்கு முன் ஒன்று மட்டும். மேலாளர் அவர்களே, மைக்கை உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன். புது லைனிங் என்றைக்கு வரும்? இத்தனை பேர் முன்னால் சொல்லுங்கள், ஐயா. சொன்னதும் எழுந்து நிற்கிறோம்.