என் சீட்டுக்கு அவன் சுட்ட கடா

பெயர்: வெல்டா ஹார்மன். வயது: 58. கணவர் பெயர்: காலஞ்சென்ற ஆர்லோ ஹார்மன். தொழில்: பள்ளிப் பேருந்து ஓட்டுநர். விலாசம்: பழைய மரமில் சாலை, டிரை ஃபோர்க், வயோமிங் மாநிலம். யாரும் அழைக்காமல் நானாகவே வந்து, வேட்டைக் காவல் அதிகாரி எல்டன் பர்ச் முன்னால் சொல்லி, அவர் எழுதிக்கொண்டது.

நான் மேற்படி விலாசத்தில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். இதில் சம்பந்தப்பட்ட ராய்ஸ் என்பவன் என் உடன்பிறந்த தம்பி. ஊர்க் கோடியில் பட்டறை வைத்து, ஆளுக்கு ஆள் அளவெடுத்து வேட்டைத் துப்பாக்கி செய்து கொடுக்கிறான். கை நீளம், கழுத்து, தோள், கன்ன எலும்பு எல்லாவற்றையும் தையல்காரன் மாதிரி அளப்பான். இதற்கு முன் எனக்கும் அவனுக்கும் ஒரு மனஸ்தாபமும் கிடையாது.

எங்கள் மாநிலத்தில் பெருங்கொம்புக் காட்டாட்டுக் கடா சுடுவதற்கு வருடா வருடம் மனுப் போட வேண்டும். குலுக்கலில் பெயர் விழாத வருடத்துக்கு ஒரு புள்ளி சேரும், புள்ளி ஏற ஏற அடுத்த குலுக்கலில் வாய்ப்புக் கூடும். விழுந்துவிட்டால் ஒரு கடா சுட அனுமதிச் சீட்டு கிடைக்கும், ஆயுளுக்கும் அந்த ஒரு சீட்டுதான். என் மகள் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து நான் மனுப் போட்டு வருகிறேன், இப்போது அவள் மகன் தவழ்கிறான். என் கணவரும் கேட்டுக் கேட்டு, கிடைக்காமலே போய்ச் சேர்ந்தார். இந்த வருடம் எனக்கு விழுந்தது. செய்தி சொன்னதும் ராய்ஸ் தபாலாபீஸ் வாசலில் வைத்து என்னை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். நான் ஒன்றும் இறகு கனம் இல்லை.

அதன் பிறகு எந்தத் துப்பாக்கி என்ற பேச்சு வந்தது. ஆர்லோவின் பழைய துப்பாக்கியே போதும் என்றேன். அதை வைத்து நான் பல மான்கள் அடித்திருக்கிறேன், எல்லாமே முந்நூறு கஜத்துக்குள். மிருகம் காதை ஆட்டுவது வெறும் கண்ணுக்குத் தெரியும்வரை ஊர்ந்து போனால்தான் எனக்கு அது வேட்டை. ராய்ஸ் கேட்கவில்லை.

"உன் முட்டிய வெச்சுக்கிட்டு அந்தப் பாறையில எப்படிக்கா ஊருவ? கடா நின்னு வேடிக்க பாத்துட்டுப் போயிரும். நீ போக முடியாத எடத்துக்குத் துப்பாக்கி போகணும்" என்றான்.

முட்டியைப் பற்றிச் சொன்னதும் நான் சரி என்று ஒத்துக்கொண்டேன். மலையில் இறங்கும்போது நான் பல்லைக் கடிப்பதை அவன் எத்தனையோ முறை பார்த்திருக்கிறான்.

அதன் பிறகு கோடை முழுக்கப் பட்டறையில் என் துப்பாக்கி உருவானது. கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வைக்கச் சொல்லி, கண்ணைத் திறந்தால் பார்வை நேராகத் துப்பாக்கிமேல் இருக்கும் தொலைநோக்கிக்குள் விழும்வரை அடிக்கட்டையைச் சீவிக்கொண்டே இருந்தான். குழல் குட்டையாக இருக்கட்டும், சுமக்க வேண்டியது நான் என்றேன். நீளம் இருந்தால்தான் தூரம் கிடைக்கும் என்று அவன் நீளமாகவே போட்டான். தோட்டா பெரிதாக வேண்டும் என்றான். பேருந்தின் ஸ்டீயரிங்கைத் திருப்பித் திருப்பித் தேய்ந்த தோள் இது, உதை தாங்காது என்று சண்டை போட்டு நடுத்தரத்துக்கு இறக்கினேன். உதை இன்னும் குறையட்டும் என்று குழலின் வாயில் துளை போட்ட இரும்பு மூடி ஒன்றை மாட்டினான். அதனால் உதை குறைந்தது, ஆனால் சத்தம் காதைக் கிழித்தது. காதை அடைத்துக்கொள்ளாமல் அந்தத் துப்பாக்கியைச் சுட முடியாது.

ஒரே ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. குண்டு முழுச் செம்பாக இருக்க வேண்டும், ஈயம் கூடாது என்றேன். ஈயம் விஷம், ஈயக் குண்டு உள்ளே சிதறும், அந்த இறைச்சியை நாளைக்கு என் பேரன் தின்பான், காட்டில் விட்டுவரும் குடலைக் கழுகு தின்னும். "கழுகுக்கு வைத்தியமும் பாக்குறியாக்கா" என்று கிண்டல் செய்தான், ஆனால் ஒத்துக்கொண்டான். அந்தச் செம்புக் குண்டுக்கும் அந்த மலை உயரத்துக்கும் கணக்குப் போட்டு, தொலைநோக்கியின் திருகில் தூரங்களைப் பொறித்துக் கொடுத்தான். எத்தனை கஜமோ அந்த எண்ணுக்குத் திருகைத் திருப்பிச் சுட வேண்டியதுதான்.

அதன் பிறகு அவன் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் குன்றில் வெள்ளைப் பெயின்ட் அடித்த இரும்புத் தட்டுகளை நட்டுப் பழகினோம். நானூறு கஜம்வரை தட்டு மணி அடித்த மாதிரி ஒலித்தது, என் காதாலேயே கேட்டேன். அதற்கு மேல், அறுநூறு கஜம் தாண்டி நட்ட கடைசித் தட்டுவரை, காற்று இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. ராய்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து பெரிய தொலைநோக்கியில் பார்த்து, "பட்டுச்சுக்கா", "இதுவும் பட்டுச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நம்பினேன். சொந்தத் தம்பியின் கண்ணைச் சந்தேகப்படுகிறவள் யார்?

செப்டம்பரில் குதிரைகளில் மலை ஏறினோம். வேட்டைச் சீட்டு எனக்கு மட்டும்தான், அவன் துணைக்கு வந்தான். கரடிக்காக என்று தன் துப்பாக்கியையும் கொண்டு வந்தான், அதில் சத்தத்தை அடக்கும் சைலன்சர் மாட்டியிருந்தான். எங்கள் மலையில் கரடிக்கு ஏதாவது கொண்டு போகாதவன் கிடையாது என்பதால் நான் ஒன்றும் கேட்கவில்லை.

பள்ளத்தாக்குக்கு எதிர்ச்சரிவில் கடாவைப் பார்த்தோம். கொம்பு முழுவட்டம் சுற்றியிருந்தது, நுனி தேய்ந்திருந்தது. தூரம் அறுநூறு கஜத்துக்கு மேல். முகடு சுற்றிப் போனால் பாதியாகக் குறையும், காற்றும் நமக்குச் சாதகம், முட்டி இன்றைக்குத் தாங்கும், போகலாம் என்றேன். மேகம் இறங்குகிறது, அதற்குள் கடா போய்விடும் என்றான் ராய்ஸ். "தட்டுல அடிச்சல்ல? அதே தூரந்தான். படு" என்றான். நான் படுத்தேன். படம் எடுக்கிறேன் என்று அவன் எனக்குச் சற்றுப் பின்னால் படுத்தான். திருகைத் திருப்பி, மூச்சை விட்டு, சுட்டேன். துப்பாக்கி எம்பியதில் கடா பார்வையிலிருந்து போய்விட்டது. அதற்குள் அடைத்த காதில் இன்னொரு சத்தம் மங்கலாகக் கேட்டது. எதிர்ப்பாறை ஒலியைத் திருப்பி அடிக்கிறது என்று நினைத்தேன். மறுபடி தொலைநோக்கியில் பிடித்தபோது கடா முன்னங்கால் மடிந்து சரிந்துகொண்டிருந்தது.

ராய்ஸ் என்னைக் கட்டிக்கொண்டான். நான் அழுதேன். ஆர்லோவின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதேன். அந்த அழுகையை அவன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான், முதுகைத் தடவிக் கொடுத்தான் என்பதை அதிகாரி எழுதிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு நான் கையெழுத்துப் போட்டு என் சீட்டைக் கடாவின் உடலில் கட்டினேன். ஊருக்கு வந்ததும் இதே அலுவலகத்தில் கொம்பைக் காட்டிப் பதிவு செய்து, அதில் அடையாள ஆணியும் அடித்து வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு, இறைச்சியை எப்போதும் போல வீட்டுச் சமையல் மேசையில் நானே அறுத்தேன். குண்டு நுழைந்ததற்கு எதிர்ப்பக்கத் தோளில், தோலுக்கடியில் குண்டு தட்டுப்பட்டது. நசுங்கி, பூப்போல விரிந்து, சாம்பல் நிறத்தில் இருந்தது. நகத்தால் கீறினேன், கீறல் விழுந்தது. ஈயம். உடம்பு முழுக்கத் தேடினேன், வேறு காயமே இல்லை. கையைக் கழுவிவிட்டு நேராகக் குன்றுக்குப் போனேன். கிட்டத்தில் இருந்த தட்டுகளில் வெள்ளைப் பெயின்ட் உதிர்ந்து கருத்திருந்தது. கடைசித் தட்டு அடித்த பெயின்ட்டோடு ஏறக்குறைய அப்படியே இருந்தது.

அங்கிருந்து பட்டறைக்குள் போனேன். சுவரில் இருந்த டிவியில் நான் சுடும் படம் ஓடிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர்களுக்காகப் போட்டிருந்தான். துப்பாக்கிச் சத்தத்தை எடுத்துவிட்டுக் கிதார் வாசிப்பைச் சேர்த்திருந்தான். தூரத்தைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். நான் குண்டை அவன் மேசைமேல் வைத்தேன். அவன் மறுக்கவில்லை.

"உன் குண்டு அதோட முதுகுக்கு மேல போயி பாறையில பட்டுச்சு. கடா தெகச்சுப் போயி நின்னுச்சு. நான் என்ன பண்றது? இத்தன வருசம் காத்துக் கெடந்து வாங்கின சீட்டு, வெறுங்கையோட எறங்குவியா?" என்று கேட்டான்.

தட்டு என்ன ஆச்சு என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, சில தடவை பட்டது என்றான். கடாவைவிட அதுதான் என்னை அறுத்தது. என்னால் அந்தத் தூரம் முடியாது என்று தெரிந்தேதான் என்னை அங்கே படுக்க வைத்திருக்கிறான். கிட்டே ஊர்ந்து போய்ச் சுடுகிற கிழவிக்குச் செய்த துப்பாக்கியை எவன் வந்து கேட்பான்? அவன் வியாபாரத்துக்கு வேண்டியது தூரம். என் முட்டியை அதற்குச் சாக்காக்கினான்.

"யாருக்குத் தெரியப்போவுது? கொம்பு உன் வீட்டுச் செவுத்துலதான தொங்கப்போவுது. ஊரே உன்ன மெச்சுது. நீயே கெடுத்துக்காதக்கா" என்றான். நான் குண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நேற்று அவன் என் வீட்டு வாசலுக்கு வந்து, ஆர்லோ மாமா உயிரோடு இருந்தால் குடும்பத்துக்காரனைக் காட்டிக்கொடுப்பாரா என்று கேட்டான். மாமா வெறுங்கையோடு திரும்பிய வருடங்கள் எத்தனையோ, அடுத்தவன் அடித்ததை வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை என்றேன். அவன் மிரட்டவில்லை. வண்டியேறிப் போனான்.

மேற்படி கொம்பு, மண்டை ஓடு, மீதி இறைச்சி, குண்டு, என் துப்பாக்கி அனைத்தையும் இன்று வண்டியில் கொண்டுவந்து ஒப்படைத்திருக்கிறேன். அவை திரும்பக் கிடைக்காது என்று தெரியும். நான் சுடாத மிருகத்தில் என் சீட்டைக் கட்டியது குற்றம் என்று தெரியும். ராய்ஸின் வேட்டை உரிமை போகும், பட்டறைக்கும் அடி விழும், அவன் மனைவி இனி என் போனை எடுக்க மாட்டாள், இதுவும் தெரியும். சீட்டைக் கட்டும்போது எனக்கு உண்மை தெரியாது என்பதை அதிகாரி கேட்டு எழுதிக்கொண்டார்.

எழுதியதை அவர் படித்துக் காட்டியபோது, கடாவைச் சுட்டது ராய்ஸ் என்று மட்டும் இருந்தது. அதற்கு மேலே ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். வெல்டா ஹார்மன் சுட்டாள், தவறவிட்டாள். வழக்குக்கு அது தேவைப்படாதே என்றார். எனக்குத் தேவைப்படுகிறது என்றேன். இனி எனக்குச் சீட்டு விழாது, இத்தனை வருடம் நான் காத்திருந்தது அந்த ஒரு சூட்டுக்காகத்தான். அது தவறியது. தவறியதை என் தம்பி என்னிடமிருந்து எடுத்துக்கொண்டான், அது என் பெயரிலேயே இருக்கட்டும் என்றேன். அதிகாரி மேலே எழுதிச் சேர்த்தார்.

மறுபடி படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. சொன்னதெல்லாம் நடந்தது, நடக்காத எதையும் சொல்லவில்லை.

(கையொப்பம்) வெல்டா ஹார்மன்