டீசல் டேங்க் மூடி

ஓடிக்கொண்டிருக்கும் பழைய டிராக்டர் திடீரென்று நின்றால் பயப்பட ஒன்றுமில்லை சார். பெரும்பாலும் டீசல் வரும் வழியில் எங்கோ தடை இருக்கும். டேங்கிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தால் அகப்பட்டுவிடும். என் கணவர் எரிக் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் போன பிறகு ராபர்ட்சன்பேட்டை ஒர்க்‌ஷாப்பை நான்தான் நடத்துகிறேன்.

போன வருஷம் ஆயுதபூஜையன்று, எங்களிடம் வண்டி விடும் சுந்தரராஜின் தோட்டத்துக்கு, பூதிகோட்டையைத் தாண்டி, எரிக் டிராக்டர் சர்வீஸுக்குப் போனார். வேலை முடிந்து, பூஜையும் ஆன பிறகு அவருக்கு நெஞ்சுவலி வந்தது. நல்ல மழை. தோட்டத்துக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே ஓடை நிரம்பி ஓடியது. டிராக்டர் மட்டும்தான் அதைக் கடக்கும். சுந்தரராஜ் எனக்கு போன் செய்தான்.

"ஸ்டார்ட்டே ஆகல டெய்சிக்கா. நான் இன்னா பண்ணட்டும்?"

எரிக் அங்கேயே இறந்துபோனார்.

மறுநாள் தண்ணீர் வடிந்ததும் போனேன். டிராக்டருக்குப் போட்ட மாலை அப்படியே இருந்தது. சக்கரங்களுக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழங்கள் நசுங்கவில்லை. ஏறிச் சாவியைத் திருப்பினேன். உடனே ஸ்டார்ட் ஆனது. சுந்தரராஜ் வேறு பக்கம் பார்த்தான். அவன் மனைவி சகுந்தலாதான் பேசினாள்.

"பூஜ போட்ட வண்டிக்கா. மொத சவாரியே சாவக் கெடக்கற ஆள ஏத்திக்கினு போனா, வருஷம் பூரா அதே வேலயாப் பூடும்னு பயந்துட்டாரு."

பயம் யாருக்கும் வரும். அதன் பிறகும் அவன் டிராக்டரை என்னிடமே கொண்டுவந்தான். நானும் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொடுத்தேன்.

இந்த வருஷம் மழை தொடங்கும் சமயத்தில் சர்வீஸுக்கு விட்டான். டேங்க் மூடியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருக்கும். டீசல் இறங்க இறங்க, அதன் வழியாகத்தான் காற்று உள்ளே போகும். அதை உள்பக்கமிருந்து பசை வைத்து அடைத்தேன். அப்படி அடைத்தால் இன்ஜின் கொஞ்ச நேரம் நன்றாக ஓடும், பிறகு மூச்சுத் திணறி நின்றுவிடும். மூடியைத் திறந்தால் சரியாகிவிடும். டீசல் இருக்கிறதா என்று பார்க்க எல்லோரும் முதலில் மூடியைத்தான் திறப்பார்கள். அதனால் என்ன கோளாறு என்று தெரியாமலே கோளாறு போய்விடும்.

ஒருமுறை அப்படி நின்றதைச் சொல்லிச் சிரித்தான். "மூடியத் தொறந்து பாத்தன், கிளம்பிடுச்சிக்கா. என் மூஞ்சப் பாக்காம அதுக்கு இருப்புக் கொள்ளல போல."

"மழையில மூடியத் தொறக்காதப்பா. தண்ணி எறங்குனா பம்பே பூடும். நின்னா எனக்கு போன் போடு," என்றேன்.

அவன் மகள் சுமா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். என்னை அத்தை என்பாள். அவள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

ஓடை மறுபடி நிரம்பிய அன்று மத்தியானம் போன் வந்தது. சுமாவை டிரெய்லரில் படுக்கவைத்து, ஓடையில் பாதி தூரம் வந்தபோது டிராக்டர் நின்றுவிட்டது.

"டெய்சிக்கா, பொண்ணுக்கு ரத்தம் நிக்காம போவுது. கேக்குதா அவ கத்தறது?"

"கேக்குது. பதறாத. பில்டர் பக்கத்துல கைப்பம்பு இருக்குதே, அத அடி."

"அடிக்கறேன், டீசல் வரலக்கா. மூடியத் தொறந்து பாக்கட்டா?"

"இந்த மழையிலயா? வாணாம். அடி, வரும்."

அவன் அடித்தான். நான் காதில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குள் கோபம் இருக்கும் என்று நினைத்துத் தேடிப் பார்த்தேன். இல்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி மனம் சுத்தமாக இருந்தது. சுமாவின் குரல் மெல்லத் தேய்ந்து, பிறகு மழைச் சத்தம் மட்டும் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்தேன்.

"இப்ப மூடியத் தொற," என்றேன்.

உடனே ஸ்டார்ட் ஆனது. "நீங்க நல்லா இருக்கணும்க்கா," என்று அழுதான்.

கோலார் ஆஸ்பத்திரியில் தாய், பிள்ளை இரண்டுமே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

நீங்கள் என்னைச் சந்தேகப்பட்டு ஸ்டேஷனுக்குக் கூப்பிடவில்லை சார், வண்டியைப் பற்றிக் கேட்கத்தான் கூப்பிட்டீர்கள். ஆனாலும் நான் சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை என் எதிரிலேயே சுந்தரராஜுக்குப் படித்துக் காட்டுங்கள். வண்டி கெட்டுப்போனதால்தான் மகள் போனாள் என்று அவன் நம்பிக்கொண்டிருக்கிறான். ஒரு மனிதனைப் பொய்யை நம்பவிட்டு வாழவைக்கிற அளவுக்கு எனக்குக் கல்மனசு இல்லை.