சாவிக்கொத்தில் ஒரு பென்டிரைவ்

சாதாரணக் கம்ப்யூட்டரில் ஆப்பிள் கம்பெனியின் மேக்ஓஎஸ் ஓடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் ஐயா. ஓடும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரன் நான். பொறுமையை வைத்துத்தான் பிழைக்கிறேன்.

என் மனைவி வீட்டிலிருந்தே வீடியோ எடிட்டிங் செய்தாள். அவள் பழகிய சாஃப்ட்வேர் மேக்ஓஎஸ்ஸில் மட்டும்தான் ஓடும். புது ஆப்பிள் மெஷினே வாங்கித் தருகிறேன் என்று அவள் அண்ணன் கிளம்பினார். "வேணாம் மச்சான், என் பெண்டாட்டிக்கு என் கையாலயே செஞ்சு தர்றேன்" என்றேன்.

உதிரிப்பாகங்களை வாங்கிப் பெட்டியில் பொருத்துவது சுலபம். பூட்லோடர்தான் கஷ்டம். சுவிட்ச் போட்டதும் முதலில் கண்விழிக்கிற சின்ன புரோகிராம் அது. 'இது உனக்கான மெஷின்தான்' என்று மேக்ஓஎஸ்ஸை நம்பவைக்க வேண்டும். திரை வந்தால் சத்தம் வராது, சத்தம் வந்தால் வைஃபை வராது. ஒவ்வொரு வரியாகத் திருத்தி ஒரு வழிக்குக் கொண்டுவந்தேன். திரை வெளிச்சமானபோது அவள் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பூட்லோடரைப் பென்டிரைவில் வைத்தேன். அது இல்லாமல் மெஷின் திறக்காது. பென்டிரைவ் என் சாவிக்கொத்தில். காலையில் செருகி, மெஷினைத் திறந்துவிட்டு, உருவிக்கொண்டு கடைக்குப் போவேன். நடுவில் கரண்ட் போனால் நான் வரும்வரை அவள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்ட நாட்களில் திறக்காமலே போனேன். மாலையில் அவளே வந்து சமாதானமாகப் பேசுவாள். குடும்பம் என்றால் விட்டுக்கொடுத்துத்தானே போக வேண்டும்.

"அதை மெஷினுக்குள்ளேயே போட்டுடுங்களேன். வேலை பாதியில நிக்குது."

"போட்டா மெஷின் கெட்டுடும்."

பொய்தான். யாரையும் புண்படுத்தாத பொய்.

அன்றும் திறக்காமல்தான் போனேன். மதியம் சாப்பிட வந்தால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு சிவப்புப் பென்டிரைவ்.

"நானே தயார் பண்ணிட்டேன்," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "படிச்சுப் பார்த்தா ஒண்ணும் கம்பசூத்திரம் இல்ல. நீங்க சொன்ன மாதிரி எதுவும் கெட்டும் போகல."

அந்தக் கடைசி வாக்கியம் தேவையே இல்லை. வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது, சாயங்காலம் அண்ணன் வந்து கூட்டிப்போவார் என்றும் சொன்னாள்.

நான் கத்தவில்லை. அதைக் கழற்றிக் கொடு என்று தன்மையாகத்தான் கேட்டேன். சிரித்தாள். மேசைக்கடியில் பழைய பவர் கேபிள் ஒன்று கிடந்தது. அவள் முதுகு என் பக்கம் இருந்தது. நான் நினைத்த அளவுக்கு நேரமாகவில்லை.

ஆம், நான்தான் கொன்றேன். வருத்தமாக இல்லையா என்கிறீர்கள். இல்லை. ஒன்றை உருவாக்கிக் கொடுத்தவனுக்கு நன்றியாவது வேண்டாமா?

அவளை நாற்காலியோடு ஓரமாக நகர்த்திவிட்டு, இரண்டு பென்டிரைவையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். அவள் அண்ணன் கதவை உடைத்து உள்ளே வந்தபோதும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

கொன்றதை எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவளுடையது என்னுடையதைவிடச் சீக்கிரம் திறந்தது என்பதை மட்டும் எழுத வேண்டாம். அது தற்செயல்.